வள்ளத்தில் ஏறாத நைலான்

இந்த ஆண்டுத் திருவிழா மலருக்குப் "பழைய தூண்டிலின் பெருமை" என்று எழுதித் தரும்படி எங்கள் பங்கின் இளைஞர் சபைப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். கோயில் மண்டபத்தில் கண்காட்சியும் வைக்கிறார்களாம். பருத்தி நூல், ஈயக்குண்டு, துருப்பிடித்த முள் என்று வீடு வீடாகப் போய்ச் சேர்த்து, அவற்றைச் சுற்றிக் கலர் பல்பு போட்டிருக்கிறார்கள். நானும் போய்ப் பார்த்தேன். "அந்தக் காலத்து நூலுக்குத் தனி வாசம் உண்டாமே தாத்தா?" என்று ஒரு பிள்ளை கேட்டான். உண்டு. அந்த வாசத்துக்காகத்தான் கல்யாணமான புதிதில் என் மனைவி லில்லி என் பாயைச் சுருட்டி முற்றத்தில் போட்டாள்.

நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்துப் பிழைகளை மருமகள் திருத்தியிருக்கிறாள். கருத்தில் பிழை இருந்தால் அது என்னுடையது. பெருமை எழுதச் சொன்ன பிள்ளைகள் மன்னிக்க வேண்டும். நான் புதுச் சாமான்களின் கட்சி. என் மகன் வள்ளத்தில் டிவி மாதிரி ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. அடியில் மீன் அடைகிற பாறைத்திட்டான பார் எங்கே, மணல் எங்கே, மீன் கூட்டம் எங்கே என்று அதில் தெரிகிறது. முதல் தடவை பார்த்தபோது நான் சிலுவை போட்டுக்கொண்டேன். பயத்தில் இல்லை. இவ்வளவு நாள் இந்தத் தண்ணீருக்குள் இத்தனை பேர் இருந்துகொண்டா எனக்கு வெறும் முள்ளைத் திருப்பி அனுப்பினார்கள் என்ற ஆச்சரியத்தில்.

கடற்கரையில் உட்கார்ந்திருந்தால் வெளியூர்க்காரர்கள் வந்து, பழைய தூண்டில்தானே உசத்தி என்று கேட்கிறார்கள். நான் பெருமூச்சு விடுவேன் என்று செல்போனைப் பிடித்தபடி காத்திருக்கிறார்கள். எனக்குப் பெருமூச்சு வருவதில்லை. சிரிப்புதான் வருகிறது. ஏனென்றால் பழசுக்காகப் பெருமூச்சு விட்ட மனிதர் ஒருவரிடம்தான் நான் தொழில் பழகினேன். அவரால் நான் பட்ட பாடு என் கர்த்தருக்கும் புனித அந்தோணியாருக்கும் தெரியும்.

அவர் பெயர் மிக்கேல். வள்ளத்தைச் செலுத்திப் பொறுப்பேற்கிறவரை எங்கள் கரையில் தண்டல் என்போம். அவரை ஊரே மிக்கேல் தண்டல் என்றது. எனக்கு அம்மா வழியில் மாமா முறை. கரையில் வேலை பழகிய கதையை நீட்டவில்லை. வாந்தி எடுத்தேன், கை கிழிந்தது, பிறகு வாந்தி நின்றது, கை காய்த்தது. அவ்வளவுதான்.

ஆனால் பருத்தி நூலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கண்காட்சிப் பிள்ளைகளுக்குப் புரியாது. புது நூல் வாங்கினால் உடனே கடலில் போட முடியாது. பனிச்சங்காயை இடித்து ஊறவைத்து, அந்தச் சாற்றில் நூலை முக்கி, கரையில் கம்பு நட்டு இழுத்துக் கட்டிக் காயப்போட வேண்டும். காய்ந்ததும் மறுபடி முக்க வேண்டும். செம்பழுப்பாகி, விறைத்து, ஊர் நாய்கூட ஒதுங்கிப் போகிற நாற்றம் வந்தால் நூல் தயார். பிறகும் விடுதலை இல்லை. ஒவ்வொரு நாளும் கடலிலிருந்து வந்ததும் உப்பைக் கழுவி, மறுபடி கம்பில் கட்டிக் காயவைக்க வேண்டும். ஒரு நாள் சோம்பினால் நூல் இற்றுவிடும். இற்ற நூல் கரையில் காட்டிக் கொடுக்காது. நல்ல மீன் மாட்டிய பிறகுதான் காட்டிக் கொடுக்கும்.

காய்ந்த நூலைத் தண்டல் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் விட்டு, தலைமுதல் கடைசிவரை கண்ணை மூடிக்கொண்டு இழுப்பார். ஜெபமாலை உருட்டுகிற அதே வேகம். சந்தேகமான இடத்தில் விரல் நிற்கும். அங்கே வெட்டி முடிச்சுப் போட்டுவிட்டு மறுபடி இழுப்பார். அவர் யாரையும் நேரடியாக ஏச மாட்டார். எல்லா ஏச்சும் அந்தோணியார் வழியாகத்தான் வரும்.

"அந்தோணியாரே, இந்தச் சவேரிப் பயலுக்கு நூல் சுத்தத் தெரியல. இவனுக்குப் பொண்ணு குடுத்த வீட்டுக்காரங்களுக்கு நீருதான் ஆறுதல் சொல்லணும்" என்பார், வானத்தைப் பார்த்தபடி.

நான் அருகில்தான் நிற்பேன். பதில் சொல்ல முடியாது. அவர் என்னிடம் பேசவில்லையே.

அந்தக் காலத்தில்தான் நைலான் நூல் வந்தது. எங்கள் கரையில் அதைத் தங்கூஸ் என்றார்கள். தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. இற்றுப்போகாது. காயவைக்க வேண்டாம். நாற்றமும் கிடையாது. தண்டலும் ஒருநாள் ஒரு சுருள் வாங்கிவந்து ஆசையாகத்தான் முள் கட்டினார். பருத்திக்குப் போடுகிற அதே முடிச்சைப் போட்டார். பருத்தி ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். நைலான் வழுக்கும், இன்னும் நாலு சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டும் என்பது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. பெரிய கலவா மீன் ஒன்று மாட்டியது. நூல் அவர் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. பாதி தூரம் இழுத்த பிறகு முடிச்சு உருவி, முள்ளோடு மீன் போய்விட்டது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, அந்தோணியாருக்கு உரிய நாள். கையில் கட்டோடு, அந்தோணியார் சிலை இருக்கிற சின்னக் குகைக் கோயிலான கெபிக்குப் போனார். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற புனிதர் அல்லவா? இவர் மீனைக் காணாமல் போக்கியவர். நாங்கள் பக்கத்தில் நிற்க, சத்தமாகவே நேர்ச்சை வைத்தார்.

"அந்தோணியாரே, போன மீனுக்குப் பதிலு மீனு நாளைக்கே காட்டிரும். இனிமே நைலான் எம் வள்ளத்துல ஏறாது."

மறுநாள் பருத்தி நூலில், அதே பாரில், போன மீனைவிடப் பெரிய கலவா ஏறியது. மீன் கிடைக்காமல் இருந்திருந்தால் நேர்ச்சை தானாக விழுந்திருக்கும். புனிதர் தன் பங்கை முடித்துவிட்டார். இனி தண்டல் தப்ப முடியாது.

அதற்குப் பிறகு எங்களுக்கு இறங்குமுகம்தான். பக்கத்து வள்ளங்கள் எல்லாம் நைலானுக்கு மாறின. ஒரே பாரில் அவர்களும் நங்கூரக் கல் போட்டு நிற்பார்கள், நாங்களும் நிற்போம். அவர்கள் வள்ளத்தில் விளைமீன் துள்ளிக்கொண்டிருக்கும். எங்கள் செம்பழுப்புக் கயிற்றை மீன்கள் தூரத்திலேயே பார்த்துச் சிரித்திருக்கும். எங்களோடு வந்த நாலாவது ஆள் ஒருநாள் வாயைத் திறக்காமல் வேறு வள்ளத்துக்குப் போய்விட்டார். மிச்சம் தண்டல், நான், தொம்மை. இன்னொருவர் போனாலும் வள்ளம் மணலில்தான் கிடக்கும்.

லில்லி அப்போது தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன் வள்ளத்தில் எனக்கு இடம் இருந்தது.

"இந்தாருங்க, அந்தோணியாரு நேர்ச்சையை உங்க மாமாதான வச்சாரு. நம்ம வீட்டு அடுப்புமா வச்சுது?" என்றாள்.

"அவரை விட்டுட்டு எப்பிடிளா போக?"

"போவ வேண்டாம். அடுத்த செவ்வாய்க்குள்ள குழம்புக்கு மீனு கொண்டாங்க. இல்லேன்னா எங்க அண்ணன் வீட்டுத் திசையில பாத்து நடங்க."

நியாயமான பேச்சு. நான் தொம்மையிடம் சொன்னேன். தொம்மை என்னைவிட நாலு வயது மூத்தவன். மண்டையில் எப்போதும் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். அவன் நேராகத் தண்டலிடம் போனான்.

"தண்டலே, நீரு நேர்ச்சை வச்சது நைலானுக்கு. நாம வாங்கப்போறது தங்கூஸ்."

தண்டல் வானத்தைப் பார்த்தார். "அந்தோணியாரே, ரெண்டு பேரும் ஒரே நூலுக்குத்தான்னு உமக்குத் தெரியும். இவனுக்குத்தான் தெரியல."

தொம்மை விடவில்லை. மறுநாள் வேறு வழியாக வந்தான். "சரி, நைலான் வள்ளத்துல ஏறாதுன்னுதான சொன்னீரு? வள்ளத்துக்குப் பின்னால வரக்கூடாதுன்னு சொல்லலியே."

தண்டல் நூல் இழுத்துக்கொண்டிருந்த விரலை நிறுத்தினார். அந்த முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. நேர்மையான மனிதர் ஒருவர் குறுக்குவழியை முதன்முதலாகப் பார்க்கிற முகம்.

"அது நேர்ச்சையில வராது" என்றார் கடைசியில், மெதுவாக.

இப்படித்தான் நான் கட்டுமரம் ஏறினேன். தொம்மையின் சித்தப்பாவிடம் சின்னக் கட்டுமரம் ஒன்றை இரவல் வாங்கி வள்ளத்தின் பின்னால் கயிற்றில் கட்டினோம். மூன்று பேரில் எடை குறைந்தவன் நான் என்பதால் நைலான் சுருளோடு என்னை அதில் உட்கார வைத்தார்கள். வள்ளத்தில் தண்டலும் தொம்மையும் பருத்தி நூலோடு. சட்டதிட்டங்களைத் தண்டலே வகுத்தார். நூல் மரத்திலேயே இருக்க வேண்டும். முள்ளும் மரத்திலேயே இருக்க வேண்டும். மீனை மட்டும் முள்ளிலிருந்து கழற்றி வள்ளத்துக்குள் எறியலாம். மீன் நைலான் இல்லை.

கரையில் பார்த்தவர்கள் விட்டுவைப்பார்களா?

"ஏலே சவேரி, தண்டலுக்குக் கன்னுக்குட்டி ஆயிட்டியால?" என்று கேட்டார்கள். வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்கள், "வள்ளம் குட்டி போட்டிருக்கு" என்று பாட்டாகவே படித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு கடலுக்குப் போவேன், தலையைக் குனிந்துகொண்டு வருவேன். ஆனால் வரும்போது மீன் இருந்தது. முதல் நாளே வள்ளத்தில் இருந்த இரண்டு பேருக்கும் சேர்த்துக் கிடைத்ததைவிட எனக்கு ஒருவனுக்கு அதிகம். ஒவ்வொரு மீனையும் நான் எறிய, தண்டல் அதைப் பிடித்து, வாய்க்குள் நூல் துண்டு ஏதும் இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் உள்ளே போடுவார். லில்லி குழம்பு வைத்தாள். அண்ணன் பேச்சை எடுக்கவில்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

காலையில் கச்சான் காற்று, கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது. பாரில் கல்லைப் போட்டு வள்ளத்தை நிறுத்தினோம். நான் பின்னால் மரத்தில் உட்கார்ந்து கணவாயை இரை வைத்து இறக்கினேன். சிறிது நேரத்தில் நூல் தானாகப் பக்கவாட்டில் நடக்க ஆரம்பித்தது. பிறகு ஓடியது. பிறகு நான் ஓடினேன், அதாவது என் மரம் ஓடியது. மரம் குறுக்கே திரும்பிய வேகத்தில் வள்ளத்தின் கயிறு அவிழ்ந்து தண்ணீரில் விழுந்தது. மீன் ஒரு பக்கம், காற்று அதே பக்கம். நான் இலங்கையைப் பார்த்துப் புறப்பட்டுவிட்டேன்.

"ஏலே, நூலை வெட்டு" என்று தண்டல் கத்தினார். அந்தோணியார் வழியாக அல்ல, நேராக என்னைப் பார்த்து. அவர் என்னை நேராகச் சத்தம் போட்டதே அன்றைக்குத்தான் முதல் தடவை.

"வெட்ட மாட்டேன் மாமா."

"வெட்டுலே மடையா, மரம் கவுந்திரும்."

என்னால் வெட்டவும் முடியாது. நூல் கைமணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. கத்தி மரத்தின் மறுமுனையில் கிடந்தது. அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. "மாதாவே, மாதாவே" என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. லில்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறது கண்ணில் தெரிந்தது.

தொம்மை கல்லைத் தூக்கிக்கொண்டிருந்தான். அது வருவதற்குள் நான் வெகுதூரம் போய்விடுவேன் என்று தண்டலுக்குத் தெரிந்துவிட்டது. கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு கடலில் குதித்தார். அப்போது அவருக்கு ஐம்பதுக்கு மேல் வயது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நீந்தி வந்து மரத்தில் ஏறி, கத்தியைக் கையில் எடுத்தார். நூலை வெட்டத்தான் வந்தார். என் கையை விடுவிக்க நூலை முன்னால் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"ஏலே" என்றார். குரல் மாறியிருந்தது. "இது என்னல... மீனு மூச்சு விடுறதுகூடக் கையில கேக்குது."

"கையை எடும் மாமா, அறுக்கும்."

"சும்மா இருல. அந்தா, தலையைத் திருப்புதான். அந்தா, யோசிக்கான். இப்ப கீழ போவான் பாரு."

கீழே போனது. கத்தியை மரத்தில் வைத்தார். பிறகு நாங்கள் இருவரும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து, விட்டு இழுத்து, விட்டு இழுத்து, அந்த மீனை மேலே கொண்டுவந்தோம். பாறை மீன். வெள்ளி மாதிரி, என் இடுப்பு உயரம். மரத்தில் கிடத்தினால் எங்களுக்குக் கால் வைக்க இடம் இல்லை.

தொம்மை பாய்மரப் பாயை விரித்து வள்ளத்தைக் கொண்டுவந்தான். "குடும் தண்டலே, உள்ள தூக்கிருவோம்" என்று கையை நீட்டினான்.

தண்டல் மீனின் வாய்க்குள் விரலை விட்டார். இன்னும் ஆழமாக விட்டார். முழங்கைவரை விட்டார். பிறகு கையை எடுத்து எங்கள் இருவரையும் பார்த்தார்.

"முள்ள முழுங்கிட்டான். வயித்துக்குள்ள நைலான் கெடக்கு."

தொம்மை நீட்டிய கையை மடக்கவில்லை. "அதுக்கு?"

"ஏத்த முடியாது."

"கடல்ல வச்சு வயித்தைக் கீறவா? சுறா மோந்து வந்துரும் வே."

"கீற வேண்டாம். மரத்துலயே வரட்டும்."

"அப்ப நீராவது ஏறும்."

தண்டல் தன் கையைப் பார்த்தார். அதிலும் நைலான் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அவிழ்க்கலாம். ஆனால் மீனையும் என்னையும் விட்டுப்போக அவருக்கு மனம் வரவில்லை.

காற்று கொண்டலுக்கு மாறிக் கரையைப் பார்த்து வீசியதும் புறப்பட்டோம். வள்ளத்தில் தொம்மை ஒருவன் மட்டும், ராசா மாதிரி. பின்னால் இரவல் மரத்தில் தண்டல், நான், நடுவில் மீன். தொம்மை திரும்பித் திரும்பிப் பார்த்து, "மாமாவும் மருமவனும் சௌரியமா இருக்கியளா?" என்று விசாரித்துக்கொண்டே வந்தான். தண்டல் அவனை ஏசக்கூட இல்லை. கரையில் கோயில் கோபுரம் தெரிய ஆரம்பித்தபோது சொன்னார்.

"சவேரி, அந்தோணியாருக்குப் பயந்து உன்னைய மரத்துல ஏத்தினேன். உனக்கு ஒண்ணு ஆயிருந்தா, அவரு மூஞ்சில நான் எப்பிடிலே முழிப்பேன்? அவரு கையில ஒரு பிள்ளையத் தூக்கி வச்சிருக்காரு. உன் பிள்ளை எங்கேன்னு கேட்டா என்ன சொல்லுவேன்?"

"ஒண்ணும் ஆவலியே மாமா" என்றேன். இரண்டு பேரும் மீனைப் பார்த்தபடி இருந்தோம்.

கரையில் எங்களைப் பார்த்த சிரிப்பைப் பற்றி எழுத வேண்டாம். தன் வள்ளத்துக்குப் பின்னால் தானே கட்டி இழுபட்டு வந்த தண்டல் இந்தக் கரையில் அவர் ஒருவர்தான்.

ஈரத் துணியோடு நேராகப் பங்குச் சாமியார் அறைக்குப் போனோம். அவர் கடல் பழகாத உள்நாட்டுக்காரர், மூக்குக்கண்ணாடி போட்டவர். ஏதோ படித்துக்கொண்டிருந்தார்.

"தோத்திரம் சாமி."

"வாங்க. என்ன, மூணு பேரும் நனைஞ்ச கோழி மாதிரி?"

"நேர்ச்சை ஒண்ணு சாமி. உள்ள போயிட்டேன், வெளிய வர வழி தெரியல" என்றார் தண்டல்.

முழுக் கதையையும் சொன்னார். கலவா மீனிலிருந்து தொடங்கி, தங்கூஸ் என்று பெயரை மாற்றிப் பார்த்தது, கட்டுமரம், மீன் வாயில் விரல் விட்டது எல்லாம். சாமியார் முதலில் தாடையைத் தடவினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். மீனின் வயிற்றில் நைலான் கிடக்கிற இடம் வந்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. வெகுநேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். இப்போது சிரிப்பு இல்லை.

"தண்டல், ஒரு புனிதரை ஏமாத்துறதுக்குன்னு கட்டுமரம் வாங்கியிருக்கீங்க."

"வாங்கல சாமி" என்றார் தண்டல். "இரவல்."

சாமியார் மறுபடி அந்தப் பக்கம் திரும்ப வேண்டியதாயிற்று.

பிறகு பக்குவமாகச் சொன்னார். அந்தோணியாருக்கு நூலைப் பற்றிக் கவலை இல்லை என்றும், நூலின் முனையில் இருக்கிற மனிதனைப் பற்றித்தான் கவலை என்றும் சொன்னார். கோபத்தில் வைத்த நேர்ச்சையை மாற்றிக் கொடுக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்றார். நைலான் வள்ளத்தில் ஏறலாம். அதற்குப் பதிலாக, செவ்வாய்க்கிழமை ஏறுகிற முதல் மீன் கோயிலுக்கு. அதோடு இன்னொன்று.

"இனிமே எந்தச் சாமானைப் பத்தியும் நேர்ச்சை வைக்கக் கூடாது. நூலு, முள்ளு, பாயி, எதுவானாலும். சத்தமாவும் வைக்கக் கூடாது, மனசுக்குள்ளயும் வைக்கக் கூடாது. சம்மதமா?"

"மனசுக்குள்ளயுமா சாமி?" என்று கேட்டார் தண்டல், மிகவும் வருத்தமாக.

"மனசுக்குள்ளயும்."

தலையாட்டினார். அந்தப் பாறை மீனின் தலையை அன்றே கோயில் சமையல்கட்டான குசினியில் கொடுத்தோம். மறுநாள் நைலான் எங்கள் வள்ளத்தில் ஏறியது. நான் மரத்திலிருந்து இறங்கினேன். லில்லி தலைப்பிள்ளைக்கு மிக்கேல் என்று பெயர் வைக்கச் சம்மதித்தாள். இன்று கண்ணாடியில் மீன் பார்க்கிறவன் அவன்தான்.

பல வருடம் கழித்து எங்கள் வள்ளத்துக்கு எஞ்சின் வந்தது. தொம்மையும் நானும் விடாமல் பேசித்தான் வந்தது. தண்டலுக்கு அந்தச் சத்தமே பிடிக்கவில்லை. மீனெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடும் என்றார். பொருத்திய அன்று மாலை ஆளைக் காணவில்லை. எங்கே போயிருப்பார் என்று எங்களுக்குத் தெரியும். தொம்மையும் நானும் கெபிக்கு ஓடினோம்.

தண்டல் அந்தோணியார் சிலை முன்னால் நின்றுகொண்டிருந்தார். உதட்டை இறுக்கி மூடியிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை உயர்த்திக் காட்டினார், ஒன்றும் இல்லை என்பதுபோல. பிறகு சுரூபத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"அந்தோணியாரே, எஞ்சினைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. இவங்க சாட்சி."

சிலுவை போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஊரே கரையில் கூடியிருக்க, தொம்மை எஞ்சின் கயிற்றை இழுத்தான். இழுத்தான், இழுத்தான், சட்டையைக் கழற்றிவிட்டு இழுத்தான். எஞ்சின் ஒரு இருமல்கூட இருமவில்லை. நாங்கள் எல்லாரும் மெல்லத் திரும்பித் தண்டலைப் பார்த்தோம்.

அவர் பாய்மரப் பாயை மடியில் வைத்துக்கொண்டு வள்ளத்தின் முன்முனையில் உட்கார்ந்திருந்தார்.

"என்னை என்னத்துக்குல பாக்குதிய?" என்றார். "நான் ஒரு வார்த்தை சொல்லலியே."